மேடைக்குப் பின்னாடி நிக்கிற சுவர்: ரோமானியத் தியேட்டர் எப்படி வேலை செஞ்சுது

பிரான்ஸோட தெற்குப் பக்கம், ரோன் நதிப் பள்ளத்தாக்குல ஒரான்ஜ்னு ஒரு சின்ன ஊர் இருக்கு. அந்த ஊர்த் தெருவுல நடந்து போனா ஒரு கட்டத்துல எதிர்ல சுவர் ஒண்ணு வந்து நிக்கும், 103 மீட்டர் நீளம், 37 மீட்டர் உயரம், அதாவது பன்னெண்டு மாடிக் கட்டடம் அளவுக்கு, கீழ சில வாசலும் வளைவும் இருக்கும், அதுக்கு மேல பெரும்பாலும் வெறும் கல்லுதான். கோட்டையா ஜெயிலானு கூடத் தோணும். ஆனா அது ஒரு தியேட்டரோட முதுகு. 2000 வருஷத்துக்கு முன்னாடி, ரோமானிய சக்கரவர்த்தி அகஸ்டஸ் காலத்தை ஒட்டி கி.பி. முதல் நூற்றாண்டுத் தொடக்கத்துல கட்டினது. 14ஆம் லூயி ராஜா இதைப் பார்த்துட்டு 'என் ராஜ்யத்துலயே அழகான சுவர் இதுதான்'னு சொன்னதா வழிவழியா ஒரு பேச்சு உண்டு. அவர் சொன்னாரோ இல்லையோ, சொல்லக்கூடிய சுவர்தான்.

ரோமானியத் தியேட்டர் பத்தி எழுதுறவங்க பெரும்பாலும் அரைவட்டமா இருக்கிற படிக்கட்டு சீட்டுல இருந்து ஆரம்பிப்பாங்க, போட்டோவும் அதைத்தான் போடுவாங்க. என்னைக் கேட்டா அது தப்பான முனை. படிக்கட்டு சீட்டு கிரேக்கர்கிட்ட ஏற்கெனவே இருந்தது, ரோமானியர்கள் புதுசா கொண்டு வந்தது இந்தச் சுவரைத்தான். சுவர் வந்ததுனாலதான் சத்தம் மாறுச்சு, நிழல் கிடைச்சுது, யாரு எங்க உக்காரணும்ங்கிறது வரைக்கும் கட்டடமே முடிவு பண்ண ஆரம்பிச்சுது. மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், கொலோசியத்தை நெனச்சுக்காதீங்க. அது ஆம்ஃபிதியேட்டர், முட்டை வடிவத்துல சுத்தி சுத்தி சீட்டு, நடுவுல சண்டை. நான் பேசறது அரைவட்டமும் மேடையும் இருக்கிற நாடகத் தியேட்டர்.

கிரேக்கத் தியேட்டர்னா மலைச்சரிவுல சீட்டு வெட்டியிருப்பாங்க, அரைவட்டத்தை விடக் கொஞ்சம் அதிகமாவே சுத்தி வரும், நடுவுல முழு வட்டமா ஒரு தரை, அதுலதான் கோரஸ் ஆடிப் பாடும், அதுதான் ஆர்கெஸ்ட்ரா. பின்னாடி மேடைக் கட்டடம் தனியா, அதிக உயரமில்லாம நிக்கும், ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் திறந்த வழி. மேல உக்காந்திருக்கிறவனுக்கு நடிகனும் தெரியும், அதுக்கும் பின்னாடி பள்ளத்தாக்கும் கடலும் தெரியும். ரோமானிய நாடகத்துல கோரஸுக்கு அந்த முக்கியத்துவம் இல்ல, அதனால வட்டத்தை பாதியா வெட்டிட்டாங்க. மேடைக் கட்டடத்தை முன்னாடி நகர்த்தி, உயர்த்தி, உயர்த்தி, சீட்டு வரிசையோட உச்சி எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்கு கொண்டு வந்தாங்க. பக்கத்துல இருந்த திறந்த வழியை வளைவுக் கூரை போட்டு மூடி, அதுக்கு மேலேயே விசேஷமான பெட்டி சீட்டு வச்சாங்க. இப்போ சீட்டும் மேடையும் ரெண்டு கட்டடம் இல்ல, ஒரே கட்டடம். வெளி உலகம் கண்ணுக்குத் தெரியாது. உள்ள வந்துட்டா பார்க்கறதுக்கு இருக்கிறது மேடையும் அந்தச் சுவரும், அப்புறம் எதிர்ல உக்காந்திருக்கிற ஜனங்களும், அவ்வளவுதான்.

இந்த வடிவம் கல்லுல வர்றதுக்கு ரோம் நகரம் ரொம்ப நாள் எடுத்துக்கிச்சு, அதுக்குக் காரணம் இன்ஜினியரிங் இல்ல, அரசியல். கி.மு. 154ல ரோம்ல கல்லுல ஒரு தியேட்டர் கட்ட ஆரம்பிச்சாங்க, பாதியிலேயே ஸ்கிப்பியோ நாசிகான்னு ஒரு செனட்டர் எழுந்து, உக்காந்து நாடகம் பார்க்கறது ரோமானிய ஒழுக்கத்துக்கே ஆகாதுன்னு பேசி, செனட் தீர்மானம் போட்டு மொத்தத்தையும் இடிச்சுட்டாங்க. நகரத்துல இருந்து ஒரு மைலுக்குள்ள உக்காந்து பார்க்கவே கூடாதுன்னு தடையும் வந்துச்சு. ஒழுக்கம்னு சொன்னாலும், பல்லாயிரம் பேர் நிரந்தரமா கூடுற ஒரு இடத்தை செனட் பயந்துச்சுங்கிறதுதான் எனக்கு நியாயமா படுது. அதனால அடுத்த நூறு வருஷமும் ரோம்ல எல்லாம் மரத் தியேட்டர்தான், நம்ம ஊர் கோயில் திருவிழாப் பந்தல் மாதிரி, விழாவுக்குப் போட்டு விழா முடிஞ்சதும் பிரிச்சுடுவாங்க.

ஆனா தற்காலிகம்தானேன்னு சும்மா போட்டாங்கன்னு நெனைக்காதீங்க. கி.மு. 58ல ஸ்காரஸ்னு ஒரு அதிகாரி பதவியில இருந்தப்ப போட்ட மேடையோட பின்புறம் மூணு அடுக்கு, அதுல 360 தூண், கீழ் அடுக்கு மார்பிள், நடு அடுக்கு கண்ணாடி, மேல் அடுக்கு தங்க முலாம் போட்ட பலகை, தூணுக்கு நடுவுல 3000 வெண்கலச் சிலைன்னு பிளினிங்கிற ரோமானிய எழுத்தாளர் எழுதி வச்சிருக்கார். எண்ணிக்கையில கொஞ்சம் பெருசுபடுத்தி இருக்கலாம். அடுத்து கியூரியோன்னு ஒருத்தர் ரெண்டு மரத் தியேட்டரை முதுகோட முதுகா வச்சு, காலையில ரெண்டுலயும் நாடகம், மதியம் ரெண்டையும் சுத்தித் திருப்பி முகத்தோட முகம் சேர்த்து ஒரே வட்டமாக்கி உள்ள கிளாடியேட்டர் சண்டை விட்டார்னும் அதே பிளினி சொல்றார். மூணு அடுக்குத் தூண், நடுவுல சிலைங்கிற இந்த அலங்காரம்தான் பின்னாடி கல்லுக்கு மாறுச்சு. ஒரான்ஜ் சுவருக்கு உள்பக்கம் இருந்த அலங்காரமும் இந்த மர மேடையோட வாரிசுதான்.

தடையை உடைச்சது பாம்பேங்கிற (Pompey) ரோமானியப் படைத்தலைவர். கி.மு. 55ல ரோம்ல முதல் நிரந்தரக் கல் தியேட்டரைத் திறந்தார், சீட்டு வரிசையோட உச்சியில நட்ட நடுவுல வீனஸ் தேவிக்கு ஒரு கோயில். இது தியேட்டர் இல்ல, கோயில், கீழ இருக்கிறது கோயில் படிக்கட்டு, அதுல ஜனங்க உக்காந்துக்கறாங்க, அவ்வளவுதான்னு அவர் சமாளிச்சதா பழைய எழுத்தாளர்கள் சொல்றாங்க. மேடைக்குப் பின்னாடி பெரிய தோட்டமும் தூண் மண்டபமும், அதோட கடைசியில ஒரு கூட்ட அரங்கு. கி.மு. 44ல ஜூலியஸ் சீசரைக் குத்திக் கொன்னது அந்த அரங்குலதான், அதாவது ஒரு தியேட்டர் வளாகத்துக்குள்ள.

அதுக்கப்புறம் கதவு திறந்துடுச்சு. சீசர் திட்டம் போட்டதை அகஸ்டஸ் முடிச்சு, செத்துப்போன தன் அக்கா மகன் மார்செல்லஸ் பேர்ல கி.மு. 13 வாக்குல திறந்த தியேட்டர் ரோம்ல இன்னிக்கும் நிக்குது, மேல் மாடியில ஜனங்க குடியிருக்காங்க. அதுல கவனிக்க வேண்டியது, அங்க மலையே கிடையாது, தட்டைத் தரை. ரோமானிய காங்கிரீட்டும் வளைவுக் கூரையும் சேர்ந்துதான் அந்தச் சரிவைத் தூக்கி நிறுத்துது. சக்கரத்தோட ஆரம் மாதிரி சுவர்கள் நடுவுல இருந்து வெளியே போகும், ஒவ்வொரு ரெண்டு சுவருக்கும் மேல சாய்வான வளைவுக் கூரை, அந்தக் கூரையோட முதுகுல சீட்டு. கீழ இருக்கிற இடம் வீணாகாது, அதுவே பாதை, மாடிப்படி எல்லாம். கூட்டம் வெளியில வளைவு வாசல்ல நுழைஞ்சு, உள்ளுக்குள்ளயே ஏறி, தன் வரிசைக்குப் பக்கத்துலயே சட்டுனு வெளிப்படும். அந்தத் திறப்புகளுக்கு வொமிட்டோரியான்னு பேர். இன்னிக்கு ஸ்டேடியம் எல்லாம் இதே கணக்குதான்.

ஒரான்ஜ்ல ரெண்டையும் கலந்து பண்ணியிருக்காங்க. ஊர் தெற்குல செயின்ட் யூத்ரோப்னு ஒரு குன்று, சீட்டு வரிசையோட நடுப்பகுதியை அது மேலயே சாய்ச்சுட்டாங்க, ரெண்டு ஓரத்தையும் வளைவுக் கட்டுமானத்து மேல தூக்கியிருக்காங்க. இதனால செலவு எவ்வளவோ மிச்சம். இந்த ஊரே கி.மு. 35 வாக்குல ரெண்டாவது காலிக் படைப்பிரிவுல இருந்து ரிட்டயர் ஆன வீரர்களுக்காக உருவான குடியேற்றம், அப்போ பேரு அராசியோ. ரிட்டயர்டு சோல்ஜர் ஊருக்கு, சுமார் 9000 பேர் உக்கார்ற தியேட்டர் எதுக்குன்னா, சுத்தி இருக்கிற உள்ளூர் கால் (Gaul) இன மக்களுக்கு ரோம்னா என்னன்னு காட்டுறதுக்குத்தான். டிக்கெட் கிடையாது, செலவு ஊர்ப் பெரிய மனுஷங்களோடது, விழா நாள் எல்லாம் சாமி பேர்லயும் ராஜா பேர்லயும். வெறும் பொழுதுபோக்கா இருந்திருந்தா இவ்வளவு கல்லைச் செலவழிச்சிருக்க மாட்டாங்க.

குன்று தெற்குல இருக்கிறதால சீட்டு வடக்கு பார்த்து இருக்கு. இது தற்செயலா அமைஞ்சுதா யோசிச்சுப் பண்ணாங்களா தெரியாட்டியும் ரெண்டு பெரிய லாபம். விட்ருவியஸ்னு அகஸ்டஸ் காலத்து ஆர்க்கிடெக்ட் எழுதின பத்து பாகத்துல அஞ்சாவது பாகம் பாதிக்கு மேல தியேட்டர் பத்திதான், அதுல அவர் தெற்கு பார்த்து தியேட்டர் கட்டாதேன்னு கண்டிப்பா சொல்றார், அரைவட்டத்துக்குள்ள வெயில் வந்து அடைச்சுக்கிட்டா காத்து வெளியே போக வழியில்லாம கொதிச்சு, உக்காந்திருக்கிறவங்க உடம்பையே வத்த வச்சுடும்னு. இங்க ஜனங்களுக்கு சூரியன் முதுகுப் பக்கம். ரெண்டாவது, அந்தப் பள்ளத்தாக்குல மிஸ்த்ரால்னு ஒரு காத்து வடக்குல இருந்து இறங்கும், வேகமும் குளிரும் அதிகம், நாள் கணக்கா நிக்காம அடிக்கும். அந்த 37 மீட்டர் சுவர் சரியா வடக்குல நின்னு அதை மறிக்குது. இருந்தும் மேல தாண்டி வர்ற காத்து இன்னிக்கும் அங்க ஆபரா போடுறவங்களைப் பாடுபடுத்தும்.

விட்ருவியஸோட பிளான் முறையையும் சொல்லிடறேன், ஏன்னா கேக்க சிக்கலா இருந்தாலும் காம்பஸும் கயிறும் இருந்தா யாரும் தரையில போட்டுடலாம். ஆர்கெஸ்ட்ரா அளவுக்கு ஒரு வட்டம் போடு, அதுக்குள்ள நாலு சமபக்க முக்கோணம் போடு, வட்டத்து மேல சமதூரத்துல 12 புள்ளி விழும். ஒரு முக்கோணத்தோட பக்கம் எங்க வருதோ அங்கதான் மேடைப் பின்சுவரோட முகம், அதுக்கு இணையா வட்டத்தோட மையம் வழியா ஒரு கோடு இழுத்தா அது மேடையோட முன் விளிம்பு. சீட்டுப் பக்கம் விழற ஏழு புள்ளி மாடிப்படி எங்க வரணும்னு சொல்லும், மேடைப் பக்கம் விழற அஞ்சு புள்ளி கதவு எங்க வரணும்னு சொல்லும். நிஜமா கட்டின தியேட்டர் எதுவும் இதை அச்சு அசலா பின்பத்தலை, ஒவ்வொரு ஊர்லயும் இடத்துக்கு ஏத்த மாதிரி வளைச்சிருக்காங்க, விட்ருவியஸே அப்படி வளைச்சுக்கலாம்னு அனுமதி குடுத்திருக்கார். ஆனா அடிப்படை விஷயம் ஒண்ணுதான், சீட்டும் கதவும் ஒரே வட்டத்துல இருந்து பிறக்குது, அதனால ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்த்தபடியே இருக்கும்.

மேடை உயரம் அஞ்சு அடிக்கு மேல போகக்கூடாதுன்னும் அவர் சொல்றார். கிரேக்க மேடை பத்து பன்னெண்டு அடி. காரணம் எளிமையானது, கிரேக்கர்கிட்ட ஆர்கெஸ்ட்ரா தரையில கோரஸ் இருந்துச்சு, ரோமானியர்கிட்ட அந்த இடத்துல செனட்டரும் ஊர்த் தலைவர்களும் நாற்காலி போட்டு உக்காந்தாங்க, மேடை ரொம்ப உயர்ந்தா அவங்க கழுத்து வலிக்கும், நடிகனோட கால் தெரியாது. அதுலயும் அகஸ்டஸ் காலத்துல ஜனங்க பைத்தியமா ரசிச்சது பாண்டொமைம், முகமூடி போட்ட ஒரே ஆட்டக்காரன் வாயே திறக்காம கதை முழுக்க உடம்பால சொல்லுவான், பாட்டும் வாத்தியமும் பக்கத்துல வேற ஆளுங்க. காலும் கையும் தெரியலைன்னா அந்தக் கலையே இல்ல. ஒரான்ஜ் மேடை 61 மீட்டர் நீளம், 9 மீட்டர் ஆழம், அந்த நீளத்துல ஒரு ஆட்டக்காரன் ஒரு மூலையில இருந்து இன்னொரு மூலைக்கு ஓடறதே ஒரு காட்சி.

மேடையோட முன் விளிம்புல, தரைக்குக் கீழ ஒரு நீளமான பள்ளம் ஓடும். இதைப் பார்க்கத் தெரியாம நிறைய பேர் ஏதோ சாக்கடைன்னு நெனச்சு தாண்டிப் போயிடறாங்க. அது கர்ட்டனுக்கான பள்ளம். ரோமானியத் தியேட்டர்ல கர்ட்டன் மேல இருந்து விழாது, நாடகம் ஆரம்பிக்கறப்ப கீழ இறங்கி இந்தப் பள்ளத்துக்குள்ள போயிடும், முடியறப்ப திரும்ப மேல எழும்பும். ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற மாதிரி மரக் கம்பம் வச்சு, கீழ ஆளுங்க நின்னு தூக்குவாங்க. கர்ட்டன்ல மனுஷ உருவம் நெய்திருந்தா முடியறப்ப மொதல்ல அவங்க தலை எழும்பும், அப்புறம் உடம்பு, கடைசியில கால் தரையில பதியும், அதை ஓவிட் ஒரு கவிதையில உவமையாவே சொல்லியிருக்கார்.

சரி, சுவருக்கு வருவோம். சத்தம்தான் அதோட மொத வேலை. திறந்த வெளியில ஒருத்தர் பேசினா சத்தத்துல பெரும்பங்கு பின்னாடியும் மேலயும் போய் வீணாகும். பின்னாடி ஒரு கல் சுவர் இருந்தா பின்னாடி போனது திரும்பி வரும். ஆனா திரும்பி வர்றது எப்போ வருதுங்கிறதுதான் விஷயம். பேச்சுல, நேரா வர்ற சத்தத்துக்கும் திரும்பி வர்ற சத்தத்துக்கும் இடைவெளி ஒரு நொடியில இருபதுல ஒரு பங்குக்குள்ள இருந்தா நம்ம காது ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துக்கும், சத்தம் கூடின மாதிரி கேக்கும், அதைத் தாண்டிட்டா எக்கோவா பிரிஞ்சு வார்த்தை குழம்ப ஆரம்பிக்கும். ஒரான்ஜ் மேடை ஆழம் 9 மீட்டர்னு சொன்னேன்ல, நடிகன் மேடையோட முன் விளிம்புலயே நின்னாலும் பின்சுவருக்குப் போய்த் திரும்ப 18 மீட்டர்தான். சத்தம் நொடிக்கு 340 மீட்டர் போகும், கணக்குப் போட்டா ஏறக்குறைய சரியா அந்த எல்லையிலயே வந்து நிக்குது. ரோமானியர்களுக்கு மில்லிசெகண்ட் தெரியாது, ஆனா காது இருந்துச்சு, நூறு வருஷ மர மேடை அனுபவம் இருந்துச்சு.

அதுக்கு மேல மேடைக்குத் தனியா ஒரு மரக் கூரை இருந்துச்சு. பக்கக் கட்டடத்தோட சுவர்ல அது சாய்வா போய் உக்காந்த தடம் இன்னிக்கும் கோடு கிழிச்ச மாதிரி தெரியும், உச்சியில சில இடத்துல கல்லு தீயில செவந்து போயிருக்கு, அந்தக் கூரை எரிஞ்ச அடையாளம். மேல போற சத்தத்தை அந்தக் கூரை தட்டி ஜனங்க பக்கம் அனுப்பும், கீழ இருக்கிற அலங்காரத்தை மழையில இருந்தும் காப்பாத்தும். பின்சுவரும் இப்போ தெரியற மாதிரி மொட்டையா இல்ல. மூணு அடுக்கு தூண், வண்ண மார்பிள், மாடம், சிலை, நடுக் கதவு ராஜ கதவு, ரெண்டு பக்கமும் விருந்தாளிக் கதவு, முன்னும் பின்னுமா வளைஞ்சு வளைஞ்சு போற முகப்பு. மொழுமொழுன்னு இருக்கிற சுவர் சத்தத்தை ஒரே அடியா திருப்பி அடிக்கும், இந்த மாதிரி மேடு பள்ளமா இருக்கிறது சிதறடிச்சு மென்மையா அனுப்பும். அதனால இன்னிக்கு ஒரான்ஜ்ல போய் ஆஹா என்ன சத்தம்னு நாம வியக்கறது, பாதி உரிச்ச கட்டடத்தோட சத்தம். முழுசா இருந்தப்போ இன்னும் நல்லா இருந்திருக்கணும்.

விட்ருவியஸ் வெண்கலக் கலயத்தைப் பத்தி ஒரு அத்தியாயமே எழுதியிருக்கார், சீட்டுக்கு அடியில சின்ன அறை வெட்டி, சுருதி சேர்த்த வெண்கலக் கலயத்தை வச்சா நடிகன் குரலுக்கு அது கூடச் சேர்ந்து ஒலிக்கும்னு. படிக்க ரொம்ப சுவாரஸ்யம், அதனாலயோ என்னவோ ரோமானிய ஒலியியல்னு பேச்செடுத்தா எல்லாரும் இதையே பிடிச்சுக்கறாங்க. ஆனா அவரே அடுத்த வரியில ரோம்ல கட்டுற எந்தத் தியேட்டர்லயும் இது இல்லைன்னு ஒத்துக்கறார், மரத் தியேட்டர்ல பலகையே ஒலிக்கும், கலயம் எதுக்குங்கிறார். அதைவிட முக்கியமா நான் நெனைக்கறது அவர் போற போக்குல சொல்ற ரெண்டு விஷயம். ஒண்ணு, பாட்டுக்காரங்க குரல் கூட்டணும்னா மேடைக் கதவுப் பக்கம் திரும்பிப் பாடுவாங்க, அந்தக் கதவு மரம், ஒலிக்கும். இன்னொண்ணு, கீழ்ப் படி விளிம்புல இருந்து உச்சிப் படி விளிம்பு வரைக்கும் ஒரு கயிறு கட்டினா நடுவுல இருக்கிற எல்லாப் படி விளிம்பும் அதைத் தொடணும், ஒண்ணு கூட மேல துருத்தவோ உள்ள போகவோ கூடாது, துருத்தினா குரல் அங்க தடுக்கி மேல போயிடும். ஒரு கொத்தனார் வேலை நேரத்துல செஞ்சு பார்த்துக்கக்கூடிய சோதனை இது. தியேட்டர் நல்லா கேக்கறதுக்கு கலயத்தைவிட இந்தக் கயிறுதான் காரணம்.

சுவரோட ரெண்டாவது வேலை நிழல். வெளியில நின்னு அண்ணாந்து பார்த்தா உச்சிக்குக் கொஞ்சம் கீழ வரிசையா கல்லு நீட்டிக்கிட்டு இருக்கும், மேல ஒரு வரிசை, அதுக்கு நேர் கீழ இன்னொரு வரிசை, வரிசைக்கு 43. மேல் கல்லுல ஓட்டை, நெட்டையான மரக் கம்பத்தை அந்த ஓட்டை வழியா இறக்கி, கீழ் கல்லு மேல அடியை ஊனி நிறுத்துவாங்க. அந்தக் கம்பங்கள்ல இருந்து கயிறு இழுத்து, சீட்டு மேல துணி விரிப்பாங்க. பாய்மரக் கப்பல் தொழில்நுட்பம்தான், துணியும் கயிறும் முடிச்சும் எல்லாமே. காத்து வலுத்தா சுருட்டியாகணும், மிஸ்த்ரால் அடிக்கிற நாள்ல விரிச்சிருக்கவே முடியாது. பாம்பெய் ஊர்ச் சுவர்கள்ல எழுதியிருக்கிற விளம்பரங்கள்ல நிகழ்ச்சி பேரோட 'மேல துணி உண்டு'ன்னு சேர்த்தே எழுதியிருக்காங்க, அவ்வளவு பெரிய ஈர்ப்பு அது. லுக்ரீஷியஸ்ங்கிற ரோமானியக் கவிஞர், மஞ்சள், சிவப்பு, துரு நிறத் துணி வழியா வெயில் இறங்கி கீழ இருக்கிற ஜனங்க, மேடை, செனட்டர் ஆடை எல்லாத்தையும் அந்த நிறத்துலயே அலையலையா நனைக்கும்னு எழுதியிருக்கார். வெள்ளைக் கல்லா இருக்கிற இடிபாட்டைப் பார்த்துப் பழகின நமக்கு அந்த வண்ணத்தைக் கற்பனை பண்றதே கஷ்டம்.

மூணாவது வேலையைத்தான் கட்டடக்கலைப் புத்தகங்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்கும், ஜனங்களை அடுக்கி வைக்கிறது. புட்டியோலிங்கிற ஊர்ல நெரிசலான ஒரு விழாவுல ஒரு செனட்டர் வந்து நிக்க, யாரும் எழுந்து இடம் குடுக்கலை. அந்தச் செய்தி அகஸ்டஸுக்குப் போய், அவர் போட்ட சட்டத்துல முன்வரிசை செனட்டருக்கு, வீரன் தனி, சிவிலியன் தனி, கல்யாணம் ஆன சாதாரண ஆம்பளைக்குத் தனி வரிசை, பையன்களுக்குத் தனிப் பகுதி, அதுக்குப் பக்கத்துலயே அவங்க வாத்தியார்களுக்கு இடம், கருநிறத் துணி போட்டவன் நடுப் பகுதியில உக்காரவே கூடாது, பொம்பளைங்க எல்லாம் மேல கடைசியில. அதுக்கு முன்னாடியே கி.மு. 67ல வந்த ஒரு சட்டம் ரோம்ல முதல் 14 வரிசையை ஈக்விடீஸ்னு சொல்ற பணக்கார வர்க்கத்துக்கு ஒதுக்கியாச்சு.

ஒரான்ஜ்ல இது கல்லுலயே எழுதியிருக்கு. கீழ் வரிசையில ஒரு படியில குனிஞ்சு பார்த்தா 'ஈக்யூ'ன்னு ரெண்டெழுத்து, அப்புறம் ஒரு 'ஜி', அதுக்கப்புறம் மூணு கோடு வெட்டியிருக்கும். ஈக்விடீஸுக்கு மூணு வரிசைன்னு அர்த்தம். ரோம்ல 14, இந்தச் சின்ன ஊர்ல 3. ஊர்ல அந்த வர்க்கத்து ஆளுங்க எவ்வளவு குறைச்சல்னு இந்த மூணு கோட்டுலயே தெரியுது. சீட்டு மொத்தம் மூணு அடுக்கா பிரிச்சு, நடுவுல சுவரும் நடைபாதையும் வச்சு, ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனி வழி. கீழ இருக்கிறவனும் மேல இருக்கிறவனும் வர்றப்பவும் சந்திக்க மாட்டாங்க, போறப்பவும் சந்திக்க மாட்டாங்க. நல்ல கூட்ட நிர்வாகம்னு நாம பாராட்டுற அதே பாதைதான் வர்க்கத்தைப் பிரிச்சு வைக்கிற கருவியும்.

இவ்வளவு பேரும் எதிர்ல பார்க்கிறது சுவரோட நட்ட நடு. இன்னிக்கு ராஜ கதவுக்கு மேல இருக்கிற பெரிய மாடத்துல 3.55 மீட்டர் உயரத்துல ஒரு சிலை நிக்குது, படைத்தலைவன் உடுப்புல, கை தூக்கின மாதிரி. துண்டு துண்டா மண்ணுக்குள்ள கிடந்ததை எடுத்து 1950ல ஒட்டி நிறுத்தினாங்க. அகஸ்டஸ்னு சொல்றாங்க. நடிகன் யாரா இருந்தாலும், நாடகம் எதுவா இருந்தாலும், அவனுக்குப் பின்னாடி எப்பவும் சக்கரவர்த்தி தெரிவார். கிரேக்கத் தியேட்டர்ல மலையும் கடலும் இருந்த இடத்துல இங்க ராஜ்யத்தோட முகம் வந்து உக்காந்துக்கிச்சு. இதுதான் ரோமானியத் தியேட்டரோட நிஜமான கண்டுபிடிப்புன்னு நான் நெனைக்கறேன், மத்த எல்லா இன்ஜினியரிங்கும் இதுக்கு வசதி பண்ணிக் குடுத்தது. எதிர்ப்புக்கும் அதே இடம்தான் பயன்பட்டுச்சு, ரோம்ல ஜனங்க சக்கரவர்த்தி முகத்துக்கு நேரா தானிய விலையைப் பத்திக் கத்தினது தியேட்டர்லயும், சர்க்கஸ்னு சொன்ன ரதப் பந்தயத் திடல்லயும்தான்.

நாலாம் நூற்றாண்டு முடியறப்போ கிறிஸ்தவ ராஜ்யத்துல மேடை நிகழ்ச்சிகள் நின்னு போச்சு. அப்புறம் சுவர் தப்பிச்சது அதோட தடிமனால, 1.8 மீட்டர், ரெண்டு ஓரத்துலயும் உயரமான பக்கக் கட்டடம் பிடிச்சுக்கிட்டு நிக்குது. இடைக்காலத்துல காவல் அரணா ஆனது, 16ஆம் நூற்றாண்டு மதச் சண்டையில ஜனங்க உள்ள வந்து ஒளிஞ்சு, அப்படியே வீடு கட்டிக் குடியிருந்துட்டாங்க. 1622ல ஒரான்ஜ் இளவரசரா இருந்த நாசாவ் மாரிஸ், டச்சுக்காரர், பக்கத்துக் குன்று மேல கோட்டை கட்ட ஊர்ல இருந்த ரோமானியக் கல்லை எல்லாம் பெயர்த்தெடுத்தப்ப இந்தச் சுவரை மட்டும் விட்டு வச்சார், கோட்டைக்கு முன்காவலா பயன்படும்னு. கடைசியில 1673ல அந்தக் கோட்டையைத்தான் 14ஆம் லூயி இடிச்சுத் தள்ளினார். 19ஆம் நூற்றாண்டுல காரிஸ்டிங்கிற ஆர்க்கிடெக்ட் உள்ள இருந்த வீடுகளைக் காலி பண்ணி மீட்க ஆரம்பிச்சார், இன்னிக்கு நீங்க உக்கார்ற படிகள்ல பெரும்பங்கு அந்தக் காலத்துக்கு அப்புறம் புதுசா வச்ச கல்லு. 1869ல திரும்ப நிகழ்ச்சி ஆரம்பிச்சு, அதுதான் இப்போ கொரெஜின்னு நடக்கிற ஆபரா விழா, 1903ல சாரா பெர்னார் அந்த மேடையில நின்னு நடிச்சாங்க. 1981ல யுனெஸ்கோ பட்டியல். 2006ல மேடைக்கு மேல கண்ணாடியும் இரும்பும் வச்சு புதுக் கூரை போட்டாங்க, எரிஞ்சு போன மரக் கூரை செஞ்ச வேலையில பாதியை, அதாவது மழையில இருந்து சுவரைக் காப்பாத்துறதை, அது இப்போ செய்யுது.

ஒரே ஒரு ரோமானியத் தியேட்டர்தான் பார்க்க முடியும்னா நான் ஒரான்ஜையே சொல்லுவேன், ஆனா அங்க அலங்காரம் போயிடுச்சு. தூண் எப்படி அடுக்கடுக்கா நின்னுச்சுன்னு பார்க்க ஸ்பெயின்ல மெரிதா போகணும், அகஸ்டஸோட தளபதி அக்ரிப்பா பேர்ல கி.மு. 16-15ல தொடங்கினது, அங்க தூண் முகப்பைத் திரும்ப நிறுத்தியிருக்காங்க, லிபியால சப்ராதாலயும் மூணு அடுக்கு முகப்பு நிக்குது. சீட்டும் சுவரும் ஒட்டிப் பிறந்த மாதிரி எப்படிச் சேருதுன்னு பார்க்க துருக்கியில அஸ்பெண்டோஸ், ரெண்டாம் நூற்றாண்டு, கட்டினவர் பேர் ஸீனோன்னு கல்வெட்டுலயே இருக்கு, பின்னாடி வந்த செல்ஜுக் துருக்கியர்கள் அதை மாளிகையாக்கிக்கிட்டு மேடைச் சுவர்ல ஸிக்ஸாக் கோடு வரைஞ்சு பூசி வச்ச தடமும் இருக்கு. மலையே இல்லாம முழுக்க வளைவு மேல நிக்கிற சீட்டுக்கு சிரியால பொஸ்ரா, கறுப்பு பசால்ட் கல்லு. அய்யூபிட் சுல்தான்கள் அதைச் சுத்தி கோட்டை எழுப்பி, தியேட்டரையே கோட்டைக்கு வயிறாக்கிட்டாங்க, அதனாலதான் சீட்டு அங்க கிட்டத்தட்ட முழுசா மிஞ்சியிருக்கு. வெளியில இருந்து பார்த்தா அங்கயும் தியேட்டர் தெரியாது, கோட்டை மதில்தான் தெரியும்.